கை நனைத்த வீடு

வாடகைக்கு வீடு பிடிக்கப் போகிறவர்கள் தண்ணீர் வருகிறதா, கூரை ஒழுகுகிறதா, கக்கூஸ் எத்தனை குடித்தனத்துக்குப் பொது என்றெல்லாம் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் அதற்கெல்லாம் முன்னால் ஒன்று சொல்வேன். வீட்டுக்காரரோடு பேச்சு முடிகிற வரைக்கும் அவர் வீட்டில் கை நனைக்காதீர்கள். ஒரு வாய் காப்பிகூட வேண்டாம். சாப்பிட்ட வாயால் அப்புறம் எதையும் கேட்க முடியாது. பட்டவள் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குச் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் தாலுகா ஆபீஸ் கிளார்க். அவரும் யார் யாரையோ பார்த்து அங்கேயே மாற்றல் வாங்கிவிட்டார். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு படுக்கைச் சுருட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ், சாக்கில் கட்டிய பாத்திரங்கள், இவ்வளவோடு ரயிலை விட்டு இறங்கினோம். இறங்கியது ஆடி மாதத்தில். அதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

எங்கள் இரண்டு வீட்டிலும் கிறிஸ்மஸ் தெரியும், லெந்து நாட்கள் தெரியும். ஆடி என்றால் காற்றடிக்கிற மாதம் என்பதோடு சரி. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், மாறுகிறவர்களுக்கு யாரும் வீடு கொடுக்கவும் மாட்டார்கள் என்பது எங்கள் புத்தியில் ஏறவே இல்லை. காற்றில் என் சேலையும் அவர் வேட்டியும் பறக்க, தெருத் தெருவாக விசாரித்தோம். பூட்டிக் கிடந்த வீடுகள் இருந்தன. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி "ஆவணி பொறக்கட்டும்" என்றார்கள்.

கடைசியாக ஒரு தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரருக்குப் பனவடலிசத்திரம் பக்கம் சொந்த ஊர். ஆடும் பருத்தியுமாகப் பிழைத்தவர். பிள்ளைகள் படிப்புக்காக டவுனில் வீடு கட்டி வந்து, பக்கவாட்டில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் வாடகைக்கு விடுகிறார். டவுனுக்கு வந்தும் ஆட்டை விடவில்லை. கொல்லையில் எப்போதும் ஏழெட்டு நிற்கும். நல்ல உயரமான மனிதர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைக் குனிந்து பார்த்தார்.

"வீடு இருக்கு. குடுக்கேன். ஆனா இப்ப முடியாது சார்."

"அண்ணாச்சி, நாங்க வேதக்காரங்க. எங்களுக்கு ஆடி ஆவணியெல்லாம் கிடையாது" என்றார் என் கணவர்.

"ஒங்களுக்குக் கெடையாது. வீட்டுக்கு உண்டும்லா?"

ஆபீஸில் யாரையும் மடக்கிப் பேசக்கூடிய என் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். திரும்பி நடக்கப் போனோம். அப்போது உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மா வந்து என்னையும் என் சாக்கையும் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனிடம்தான் பேசினார்.

"பொம்பளப்புள்ள சாக்கத் தூக்கிட்டு நிக்கா. எங்க போவா? இங்கனயே தங்கட்டும். குடித்தனம் வாறதுதான ஆடியில ஆவாது. விருந்தாளி வாறதுக்கு மாசம் என்ன, கெழமை என்ன?"

அண்ணாச்சி யோசித்துப் பார்த்துவிட்டு "அதுஞ்சரிதான்" என்றார். இப்படியாக நாங்கள் அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் ஆனோம்.

விருந்தாளி என்றால் முழு விருந்தாளி. பால் காய்ச்சினால்தான் குடித்தனம். ஆடியில் பால் காய்ச்சக் கூடாது. பால் காய்ச்சாத வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆகவே என் ஸ்டவ் சாக்கை விட்டு வெளியே வரவே இல்லை. மாதம் முடிகிற வரைக்கும் எங்களுக்கு மூன்று வேளையும் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அட்வான்ஸை நீட்டினால் அண்ணாச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார். "ஆடியில வாங்கப்படாது சார்." வாடகை எவ்வளவு என்று கேட்டால், "விருந்தாளிகிட்ட வாடகை பேசவா?" என்பார்.

அந்த அம்மாவின் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது. முதல் நாள் சாப்பிட உட்கார்ந்ததும் நாங்கள் கண்ணை மூடி ஜெபம் செய்தோம். கண்ணைத் திறந்தால் அண்ணாச்சி, அவருடைய இரண்டு மகன்கள், மூத்தவன் மனைவி, கடைக்குட்டி மகள் எல்லோரும் சோற்றில் கை வைக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து என் கணவர் ஜெபத்தைச் சுருக்கிவிட்டார். "சார் இன்னைக்கு வெரசா முடிச்சிட்டாரு, சாமி கோவிக்கப் போறாரு" என்றார் அந்த அம்மா. அவரை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அவர் என்னை டீச்சர் என்பார். எவ்வளவு சொல்லியும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மகளை மட்டும் "ஏட்டி" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுவார். அவளுக்கும் எனக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம்.

நடுவில் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஊருக்கே விருந்து வருகிற நாள். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கினார்கள். அக்கா எங்களைக் கேட்காமலே எங்கள் முன்னறையில் அவர்களைப் படுக்க வைத்துவிட்டார். குடித்தனக்காரர் என்றால் முறைக்கலாம். விருந்தாளி இன்னொரு விருந்தாளியை எப்படி முறைப்பது? என் படுக்கையில் முன்பின் பார்த்திராத ஒரு சித்தி குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஆவணி பிறந்தது. பால் காய்ச்ச ஊரிலிருந்து அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை அப்பாவின் அக்கா. என் அம்மா நான் டிரெயினிங் படிக்கும்போதே இறந்துபோனார். அத்தை ஒரு பெட்டி நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்திருந்தார். பால் பொங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டு, அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிட்டார். அக்கா இதையெல்லாம் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. "வீட்டுக்காரங்ககிட்ட நம்ம வீட்டுக் கதையைச் சொல்லாதே, நாளைக்கு அதை வச்சே பேசுவாங்க" என்பது என் கணவரின் கட்டளை. வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவர் அவர். அனுபவம்.

அன்று மாலை அண்ணாச்சி வாடகையைச் சொன்னார். குறைத்துப் பேசுவதற்கு என் கணவர் ஒரு பிரசங்கமே தயார் பண்ணி வைத்திருந்தார். ஒரு மாதம் அவர்கள் சோற்றைத் தின்ற பிறகு அதில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. "சரி அண்ணாச்சி" என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்து என்னிடம் கோபப்பட்டார்.

அதிலிருந்து எல்லாமே அப்படித்தான் ஆனது. ஐப்பசி மழையில் படுக்கிற அறை ஒழுகியது. வேறு வீடாக இருந்தால் மறுநாளே போய்ச் சொல்லியிருப்போம். இங்கே கூச்சம். கட்டிலை இழுத்து இழுத்துப் போட்டோம். ஒரு நாள் அக்கா எதற்கோ உள்ளே வந்து, அறை நடுவில் அலுமினியச் சட்டியும் அதில் சொட்டுகிற தண்ணீரையும் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"எத்தன நாளா டீச்சர் ஒழுவுது?"

"கொஞ்ச நாளாத்தான் அக்கா."

"வாய் இல்லையா ஒங்களுக்கு? பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் பேசுவீயளோ?"

மறுநாள் அண்ணாச்சியே கூரையில் ஏறி ஓடு மாற்றினார். அவர்கள் பக்கமும் இதே கதைதான். கொல்லைக் கொடியில் காய்ந்த என் கணவரின் ஆபீஸ் சட்டையை ஆடு காலர் வரைக்கும் தின்றுவிட்டது. அண்ணாச்சி மன்னிப்பும் கேட்கவில்லை, ஆட்டையும் திட்டவில்லை. நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு துணி எடுத்துவந்து எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பக்கமும் அன்புக்குக் குறைவில்லை. முகத்தைப் பார்த்து ஒரு விஷயத்தைப் பேசுகிற பழக்கம்தான் இல்லை.

இதற்குள் அவர்கள் மகளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புளியங்குடிப் பக்கம் கொடுத்தார்கள். கல்யாணத்தில் வந்தவர்களுக்கு வெற்றிலை எடுத்துக் கொடுத்தது நான்தான். தை பிறந்தபோது அவளுக்கும் மாசம், எனக்கும் மாசம். அவளுக்கு ஆனி கடைசியில் என்றார்கள். எனக்கு ஆடியில்.

பங்குனியில் ஒரு சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பருத்தி விலையைப் பேசினார். போய்விட்டார். மறுநாளும் வந்தார், காப்பி குடித்தார், ஆட்டுக்கு வந்த சீக்கைப் பேசினார், போய்விட்டார். "இவர் ஏதோ சொல்ல வருகிறார்" என்றேன் கணவரிடம். மூன்றாம் நாள் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையக் கூட்டியாரணும் சார். சித்திரையில ஏழாம் மாசம். உள்ள இடங் காணாது. மூத்தவன் குடும்பம் ஒரு ரூம்பு, பருத்தி ஒரு ரூம்பு. ஒங்க பக்கம் இருந்துதுன்னா பிள்ளை பெத்தவளுக்குத் தோதா இருக்கும். டீச்சருக்கும் மாசம் ஆயிட்டு வருது. நீங்களும் யோசிச்சிருப்பீய."

நாங்கள் ஒன்றுமே யோசித்திருக்கவில்லை. ஆனால் என் கணவர், அந்தக் கத்தரிக்காய்க் குழம்பு தின்ற வாயால், "யோசிச்சிட்டுத்தான் அண்ணாச்சி இருக்கோம்" என்றார். அண்ணாச்சி முகம் மலர்ந்து போய்விட்டது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நான் சமையலறையில் நின்றுகொண்டு கொதித்தேன். காலி பண்ணச் சொல்லிவிட்டார்! வயிறும் பிள்ளையுமாக நிற்கிறவளை! அக்காவின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அவ்வளவு ஊட்டி ஊட்டிப் போட்டவர் நேரில் வந்து சொல்லாமல் புருஷனை அனுப்பியிருக்கிறார். அவர் மகளுக்கு வீடு வேண்டும் என்பது நியாயம்தான், அதனால் என் கோபம் இன்னும் கூடியது. நியாயமான ஆளை எப்படித் திட்டுவது?

வேறு வீடு தேடினோம். ஒருவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்துட்டு வாங்க, தாரேன்" என்றார். வந்த மாதமே பிரசவத் தீட்டு என்றால் வீட்டுக்கு ஆகாதாம். இன்னொருவர் சைவர்களுக்கு மட்டும்தான் என்றார். மூன்றாவது வீட்டில் தறி ஓடுகிற சுவர் ஒட்டியே படுக்கையறை. சுவரில் கை வைத்தால் கையே நடுங்கியது. வீடு கிடைப்பதுகூடப் பெரிய விஷயம் இல்லை. பிள்ளை பிறந்தால் யார் பார்ப்பார்கள் என்பதுதான் எனக்குக் கவலை. அத்தைக்கு அந்த வருஷம் கண் மறைத்துவிட்டது. அப்பா தம்பியோடு தூத்துக்குடியில் ஒற்றை அறையில் இருந்தார். மாமியார் படுத்த படுக்கை. பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது என்பதே எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள், ராத்திரி இதை நினைத்து நினைத்து அழுதேன்.

சித்திரை நெருங்கியது. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஓர் ஓலைக்கூரை வீடு சரி என்றார்கள். ஒரு சனிக்கிழமை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கிண்ணத்தில் மாங்காய் வெட்டி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி எடுத்துக்கொண்டு வந்தார். சாக்கைப் பார்த்தார். ஸ்டவ்வையும் நான் அதில் போடுவதைப் பார்த்தார்.

"என்ன டீச்சர் இது? பிள்ளை பெறப் போறவுக சட்டி பானையெல்லாமா கட்டிட்டுப் போவாக? இருக்கட்டும். திரும்பி வாறதுவரைக்கும் நான் பாத்துக்கிட மாட்டேனா?"

"எங்கேயிருந்து திரும்பி வர்றது?"

"அம்மா வீட்டுல இருந்துதான். தலைப்பிரசவத்துக்கு அங்கதான போவீய? அந்த மூணு மாசம் ரூம்பு சும்மாதான கெடக்கப் போவுதுன்னு இவுக கேட்டாவ. நீங்களுஞ் சரின்னிய."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியும் கோபம் அடங்கவில்லை. இத்தனை நாள் அடக்கியதெல்லாம் ஒன்றாக வந்தது.

"எந்த அம்மா வீடு? எனக்கு அம்மா இருந்தால்லா அம்மா வீடு இருக்கும்!"

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அப்பம் பால் காய்ச்சுன அன்னைக்கு ஒன்னயக் கட்டிட்டு அழுதது?"

"அது அத்தை. எங்கம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு."

அவர் திரும்பி விறுவிறுவென்று தம் பக்கம் போய்விட்டார். நான் சாக்கின் மேல் உட்கார்ந்து அந்த மாங்காய் முழுவதையும் அழுதுகொண்டே தின்றேன். மசக்கை யாரையும் விடுவதில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்தில் ஒரே சத்தம். அக்கா அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஒரு வருசமா வீட்டுல வச்சிருக்கோம், தாயில்லாப் பிள்ளைன்னு தெரியல. ஆட்டுக்கு ஒரு இருமல் வந்தா மட்டும் தெரியுது ஒங்களுக்கு!" பாவம், அண்ணாச்சி மேல் எந்தக் குற்றமும் இல்லை. அக்காவுக்கும்தான் தெரியாது. ஆனால் திட்டுவதற்கு ஆள் வேண்டுமே. "எடும் அந்தப் பருத்திய! இப்பமே எடும்!" என்றார். பருத்தி மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. விலை ஏறட்டும் என்று அண்ணாச்சி மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்த பருத்தி. மகன்கள் இரண்டு பேரும் தலையெல்லாம் பஞ்சாகத் தூக்கினார்கள். மறுநாளே வண்டி வந்தது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டார். எவ்வளவு நஷ்டம் என்று அவர் கடைசிவரை சொன்னதில்லை.

அந்த அறையை வெள்ளையடித்து இரண்டு கட்டில் போட்டார்கள். ஒன்று மகளுக்கு. இன்னொன்றைப் பற்றி அக்கா எங்களிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. வந்து என் சாக்கை அவிழ்த்து, ஸ்டவ்வை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

மகளுக்கு ஆனியில் பையன் பிறந்தான். எனக்கு ஆடியில் பெண். தபசுக் கூட்டத்தில் வழி கிடைக்காமல் அண்ணாச்சி முன்னால் ஓடிக் கையை வீசி ஆட்களை விலக்க, குதிரைவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கரிவலம்வந்தநல்லூர்ச் சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருந்தார்கள். போன வருஷம் என் படுக்கையில் குறட்டை விட்ட சித்திதான் என் பிள்ளைக்கு முதல் குளிப்பாட்டு நடத்தினாள். காலை நீட்டி அதில் பிள்ளையைப் போட்டு, மூக்கைப் பிடித்து, தலையை உருட்டி, அவள் பண்ணிய பாட்டில் நான் கத்திவிட்டேன். "பேசாமக் கெடங்க டீச்சர், எட்டுப் பெத்தவ நான்" என்றாள்.

என் ஸ்டவ் மறுபடியும் ஒரு மாதத்துக்கு மேல் பற்றவைக்கப்படவில்லை. போன ஆடியில் உட்கார்ந்த அதே இடத்தில் என் கணவர் உட்கார்ந்து சாப்பிட்டார். ஜெபம் மட்டும் பழைய நீளத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

எனக்கும் அக்கா மகளுக்கும் பத்தியச் சோறு அறைக்கே வரும். ஒரு மத்தியானம் பிள்ளையை உறங்கப்போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். அக்கா தட்டோடு வந்து, வழக்கம்போலத் தெருவுக்கே கேட்கிற குரலில், "ஏட்டி, எந்திரி. பூண்டுக்குழம்பு ஆறுது" என்றார்.

"அவ பிள்ளையைத் தூக்கிட்டுக் கொல்லைக்குப் போயிருக்கா அக்கா" என்றேன், திரும்பாமலே.

"அவள யாரு கூப்பிட்டா? ஒன்னத்தான் கூப்பிடுதேன். எந்திரிச்சுத் தின்னுட்டி."

எழுந்து உட்கார்ந்தேன். அம்மா போனதிலிருந்து என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தட்டை வாங்க மறந்துபோனேன். அக்கா அதைக் கவனிக்காத மாதிரி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து என் கையில் உருட்டி வைத்தார்.

அந்த வீட்டில் பிறகு ஒன்பது வருஷம் இருந்தோம். என்னை அதற்கப்புறம் அவர் டீச்சர் என்று கூப்பிட்டதே இல்லை. இல்லை, பொய் சொல்லக் கூடாது. மாதத்தில் ஒரு நாள் கூப்பிடுவார். ஒன்றாம் தேதி காலையில் குளித்து, நல்ல சேலை உடுத்தி, கொல்லை வழியாக வராமல் தெருவைச் சுற்றி எங்கள் வாசலுக்கு வந்து நின்று, "டீச்சர் இருக்கீயளா?" என்று கேட்பார். வாடகையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடியும் தெருவைச் சுற்றித் தம் வீட்டுக்குப் போவார். அங்கே போய்ச் சேர்ந்ததும் கொல்லைப் பக்கமிருந்து சத்தம் கேட்கும்: "ஏட்டி, தோசை ஊத்துதேன், வா."